சுறாவேந்தனைக் கடலில் தள்ளிய நாள்

1. மண்டையோட்டின் இடது கண்

முப்பது வருடமாக நான் விசைப்படகு டிரைவர். நாகப்பட்டினத்துக்கும் நாகூருக்கும் நடுவில் எங்கள் கிராமம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் சும்மா கிடக்கும், நாங்களும் சும்மா கிடப்போம். போன தடைக்காலத்தில் ஒரு டிவி சீரியல் கம்பெனி வந்தது. கடல்கொள்ளைக்காரர்கள் கதை. என் படகையும் கேட்டார்கள், என்னையும் கேட்டார்கள். ‘போட் இன்சார்ஜ்’ என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். இனிமேல் இந்த மாதிரி வேலைக்குப் போகிற நம் ஆட்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு இனிக்க இனிக்க எழுத வராது.

முதல் நாளே கோபம். படகைச் சுற்றி பிளைவுட் அடித்து, பழைய காலத்துக் கப்பல் மாதிரி பெயின்ட் பூசியிருந்தார்கள். தெர்மாகோலில் ஆறு பீரங்கி. நான் நின்று ஓட்டுகிற வீல்ஹவுஸை மறைத்து ஆளுயர மண்டையோடு ஒன்று.

"முன்னால என்ன வருதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று ஆர்ட் டைரக்டரிடம் கேட்டேன்.

"கண்ணுல ஓட்டை விட்டிருக்கோம்ணே. அது வழியா பாருங்க."

வேலை முடிகிறவரைக்கும் அந்த மண்டையோட்டின் இடது கண் வழியாகத்தான் படகு ஓட்டினேன். வலது கண்ணில் ஓட்டை போட மறந்துவிட்டார்கள்.

நடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் வெளியிலிருந்து எந்த வேலை வந்தாலும் முறை வைத்துத்தான் கொடுப்போம். ஒருத்தனே எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்ள முடியாது. பஞ்சாயத்தில் எழுந்து நின்று, "இருபத்துநாலு பேருக்குத் தடைக்காலம் முடியற வரைக்கும் வேலை. நான் பொறுப்பு" என்று சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் வாயை விட்டேன். அன்றிலிருந்து அந்த இருபத்துநாலு பேர் வேலையும் என் கழுத்து அட்டையில் தொங்கியது.

2. செத்தால் வேலை போச்சு

கதையைச் சொல்லிவிடுகிறேன். கொள்ளைக்காரர்களின் தலைவன் பெயர் சுறாவேந்தன். எந்த ஊரில் இப்படிப் பெயர் வைக்கிறார்களோ. அவனுடைய கையாள் இரும்பன். இரும்பனுக்குப் புதையல் பெட்டி மேல் ஒரு கண். அதற்காக ராஜாவின் காவல்படையிடம் போவான், காவல்படையை ஏமாற்றிவிட்டுத் திரும்பி வருவான், மறுபடி போவான். அவன் பின்னால் போகிற கூட்டமும் அங்கேயும் இங்கேயும் ஓடும். சுறாவேந்தன் ஆளுக்குத் தலையில் சிவப்புத் துணி, காவல்படைக்குக் கறுப்புத் துணி.

சண்டைக் காட்சியில் டைரக்டர் ஒரு விதி சொன்னார். சாகும்போது முகம் தெரிந்துவிட்டால் அந்த ஆள் மறுநாள் வரக்கூடாது. செத்தவன் எப்படித் திரும்பி வருவான்? நியாயம்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு விஷயம் புரிந்த நிமிடத்திலிருந்து ஒருத்தனும் சாகவில்லை. கத்தியால் குத்தினால் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். எந்தப் பக்கம் தோற்கப்போகிறது என்று உதவி டைரக்டர் நிவேதாவிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு, தோற்கிற பக்கத்துத் துணியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

இதில் பெரிய ஆள் அஞ்சப்பன். வயது ஐம்பத்தைந்து. ஒரே சண்டையில் சிவப்பாக ஆரம்பித்து, பீரங்கிக்குப் பின்னால் குனிந்து, கறுப்பாக எழுந்தான். நிவேதா மானிட்டரில் பார்த்துவிட்டது.

"அண்ணே, நீங்க எந்தக் கட்சிண்ணே?"

"எந்தக் கட்சி நாளைக்கு இருக்கோ அந்தக் கட்சிம்மா."

"இரும்பன் துரோகின்னு காட்டத்தான் இவ்வளவு கஷ்டப்படுறோம். நீங்க அவனையே தூக்கிச் சாப்பிட்டுருவீங்க போல!"

சாகிறதற்கு ஆள் இல்லாமல் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவந்தார்கள். நடவு, அறுப்பு வேலை பார்க்கிறவர்கள். கடலில் கால் வைத்ததில்லை. முகத்துவாரத்தைத் தாண்டி முதல் அலை ஏறியதும் எட்டுப் பேரும் தளத்தில் மல்லாந்துவிட்டார்கள். "ஆடாம படுங்க" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு நல்ல பிணங்களை டைரக்டர் அதுவரை பார்த்ததில்லையாம். கரைக்கு வந்ததும் அதில் ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களைத் தினமும் கொல்லுங்கண்ணே, ஆனா கரையில வச்சுக் கொல்லுங்க" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

3. என் வீட்டு இரும்பன்

மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றது. யூனிட் ஆட்களையும் சாப்பாட்டையும் கரையிலிருந்து படகுக்கு ஏற்றிவர ஒரு பைபர் படகு வேண்டும் என்று கம்பெனி மேனேஜர் கேட்டார். முறைப்படி அது வேறு ஒருவருடைய படகுக்குப் போக வேண்டும். நான் அவரிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் என் மனைவியின் தம்பி செல்வமணி தன் படகில் இட்லி டப்பாவை ஏற்றிக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியாமல் நேராக மேனேஜரிடம் போய்ப் பேசிவிட்டான்.

"என்னடா இது?"

"மச்சான், அவரு கேட்டாரு, நான் குடுத்தேன். கரையில சும்மாதானே கெடக்கு."

"முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?"

"மீன் புடிக்கத்தான் மச்சான் முறை. இட்லி ஏத்தறதுக்குமா?"

கரையில் நின்று அவனைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது. அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். பதினோரு நாள். அவன் கொண்டுவருகிற இட்லியை மட்டும் சாப்பிட்டேன்.

வீட்டில் என் மனைவி சும்மா இருக்கவில்லை. "அந்த இரும்பன் கட்சி மாறினா வந்து சொல்லிச் சொல்லி சிரிக்கிறீங்க. எந்தம்பி மாறினா மட்டும் எகிறுறீங்க" என்றாள். அவளையும் திட்டினேன்.

4. நாலு டேக்

பெரிய காட்சி வந்தது. எல்லோரும் கடைசியாக ஒரு முறை இரும்பன் பக்கம் மாறி, சுறாவேந்தனைத் தூக்கிக் கடலில் போட வேண்டும். போட்டுவிட்டுக் கல் மாதிரி நிற்க வேண்டும். சுறாவேந்தனுக்குப் பதிலாக விழுவதற்கு டேனியல் என்று ஒரு டூப் சென்னையிலிருந்து வந்திருந்தான். நன்றாக நீந்துகிறவன். தண்ணீருக்குள் போய் இருபது எண்ணும் வரைக்கும் தலை தூக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவனைத் தூக்க ஒரு ரப்பர் படகும், அதில் லைப் ஜாக்கெட் போட்ட ஒரு சென்னை ஆளும். கேமராவில் தெரியக் கூடாது என்று அதை எங்கள் படகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். கேமரா வேறொரு விசைப்படகில்.

முதல் டேக். இருபத்துநாலு பேரும் கத்திக்கொண்டு டேனியலைத் தூக்கிப் போட்டார்கள். அவன் விழுந்த அடுத்த நொடி ஏழு பேர் அவன் பின்னாலேயே குதித்தார்கள். போட்டவர்களே குதித்து, அவனைத் தூக்கிப் படகில் ஏற்றி, குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள்.

"கட்! என்னய்யா பண்றீங்க?" டைரக்டரின் குரல் மைக்கில் பிளந்தது. "நீங்க துரோகிங்கய்யா! காப்பாத்தக் கூடாது!"

"சரிங்க சார்" என்றார்கள் ஏழு பேரும், தண்ணீர் சொட்டச் சொட்ட.

உடை காய்ந்து இரண்டாவது டேக். இந்தத் தடவை மூன்று பேர். அதில் அஞ்சப்பன் முதல் ஆள். "கால் தன்னால போயிடுது சார்" என்றான்.

அவனை நான் திட்ட முடியாது. பத்து வருடத்துக்கு முன்னால் அவன் வலையை என் படகு அறுத்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் அடிதடி. அந்த மாதமே ஒரு காற்றில் நான் கடலில் விழுந்தேன். பக்கத்தில் இருந்தது அவன் படகு. தூக்கித் தன் படகில் போட்டான். கரை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் இறக்கிவிட்டுச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். எங்கள் ஊரில் இப்படித்தான். கடலில் விழுந்தவனை முதலில் தூக்க வேண்டும். தூக்காதவனோடு யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள்.

ஆனால் டைரக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, சாயங்காலத்துக்குள்ள இந்த ஷாட் வரலன்னா, நாளைக்கு சென்னையிலேர்ந்து ஸ்டண்ட் ஆளுங்க வந்துருவாங்க. உங்க ஆளுங்க அத்தனை பேரையும் நிறுத்த வேண்டியதுதான்."

தடைக்காலத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. பஞ்சாயத்தில் வாய் விட்டவன் நான். இருபத்துநாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்தேன். "இனிமே எவனாவது குதிச்சான், காலை ஒடிச்சிடுவேன். அவன் நீச்சல்காரன். சாகமாட்டான். புரியுதா?" என்று கத்தினேன். புரிந்தது என்றார்கள்.

மூன்றாவது டேக். ஒருத்தனும் அசையவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் மண்டையோட்டின் இடது கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேனியல் உள்ளே போனான். பத்து எண்ணினேன். தலை வரவில்லை. பன்னிரண்டு எண்ணினேன். அதற்குமேல் எண்ணியது ஞாபகம் இல்லை.

குதித்துவிட்டேன். இன்சார்ஜ் அட்டையோடு. கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுத்தான் குதித்தேன், அதையும் சொல்லிவைக்கிறேன். தண்ணீருக்குள் கை விட்டுத் துழாவி அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். முடி மட்டும் வந்தது. விக்.

இரண்டு கை தூரத்தில் மொட்டைத் தலையோடு டேனியல் எழுந்தான். "சார், நான் நடிச்சிக்கிட்டு இருக்கேன் சார்!"

மேலே நின்ற இருபத்துநாலு பேரும் கம்பியில் தொங்கித் தொங்கிச் சிரித்தார்கள். "டிரைவரண்ணன் காலை யாருடா ஒடிக்கிறது?" என்று அஞ்சப்பன் கேட்டான். சிரிக்காத ஆள் டைரக்டர் ஒருத்தர்தான். கேமராமேனைப் பார்த்து, "சென்னைக்குப் போன் போடு" என்றார்.

நிவேதாதான் காப்பாற்றியது. அந்தப் பெண் திட்டாமல் ஒரு கேள்வி கேட்டது. "அஞ்சப்பண்ணே, அவர் சாகமாட்டாருன்னு தெரியும்ல? அப்புறம் ஏன் குதிக்கிறீங்க?"

"தூக்க யாரும் போகலியேம்மா."

"பின்னாடி போட் நிக்குதுண்ணே."

"நிக்குதுன்னு நீ சொல்ற. எங் கண்ணுக்குத் தெரியலியே. அந்த ஜாக்கெட்டுக்காரரு தூக்குவாரான்னும் தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருட டிரைவர், இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். தூக்குகிற படகு ஆட்களின் கண்ணில் படுகிற இடத்தில், கேமராவுக்கு வெளியே, இடது பக்கமாக நிற்க வேண்டும். அதில் எங்கள் ஆள் இருக்க வேண்டும். அப்படிச் சட்டென்று போய்த் தூக்குகிற கை எங்கள் ஊரில் ஒருத்தனுக்குத்தான். டீ பாத்திரத்தோடு அவன் படகு பக்கத்திலேயே நின்றது.

பதினோரு நாளில் முதல் வார்த்தை. "டேய், இங்க வா."

"நான் துரோகியாச்சே மச்சான்."

"துரோகிதான். வா. ஆளைத் தூக்கணும்."

டீ பாத்திரத்தை அப்படியே எங்கள் படகில் கவிழ்க்காத குறையாக வைத்துவிட்டு வந்தான்.

நாலாவது டேக்குக்கு வெயில் கொஞ்சம்தான் மிச்சம். கத்தினார்கள், தூக்கினார்கள், போட்டார்கள். டேனியல் விழுந்ததும் இருபத்துநாலு தலையும் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பியது. டேனியல் தண்ணீருக்குள்ளேயே நீந்தி, கேமராவுக்கு வெளியே இடது பக்கம் போய்த் தலை தூக்க, செல்வமணியின் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவன் ஒரு கையில் என்ஜினைப் பிடித்துக்கொண்டே குனிந்து, மறு கையால் டேனியலின் சட்டையைப் பிடித்தான். அந்த நொடியில் இருபத்துநாலு பேர் தோளும் கீழே இறங்கியது. கை கம்பியிலிருந்து தளர்ந்தது. அஞ்சப்பன் ஒரு பெருமூச்சு விட்டு, தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கட்! சூப்பர்! ஐயோ, சூப்பர்!" டைரக்டர் குதித்தார். நல்லவேளை, படகுக்குள்தான்.

சென்னைக்குப் போன் போகவில்லை. தடைக்காலத்தின் கடைசி நாள் வரைக்கும் எங்கள் இருபத்துநாலு பேரும் வேலை பார்த்தார்கள். ஒருத்தனும் சாகவில்லை.

5. டிவியில்

அந்தப் பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. மீன் ஏலக் கொட்டகையில் பெரிய டிவி வைத்து ஊரே உட்கார்ந்து பார்த்தோம். சுறாவேந்தன் விழுகிறான். கொள்ளைக்காரர்கள் அவனை ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்காமல், எங்கேயோ வெறித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தன் பெருமூச்சு விட்டு முகத்தைத் துடைக்கிறான். பின்னால் சோகமாக வயலின்.

விளம்பரம் வந்ததும் நீடாமங்கலத்துப் பிணங்களில் ஒருத்தர் போன் பண்ணினார். "என்னண்ணே உங்க ஆளுங்க! நெஞ்சுல ஈரமே இல்லியா? விழுந்தவனை ஏறெடுத்தும் பாக்கலியே. எங்க வீட்ல பொம்பளைங்க எல்லாம் சாபம் விடுறாங்க!"

ஸ்பீக்கரில் போட்டுக் கொட்டகை முழுக்கக் கேட்க வைத்தேன். கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். அவர்கள் என்ன பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று எங்கள் ஊருக்குத் தெரியும். டிவியில் தெரியாத அந்த ஆள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான்.

அதற்காக அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. முறையை மீறினது தப்பு. அடுத்த முறை வேலை வந்தால் அவன் படகு கடைசியில்தான் என்று பஞ்சாயத்தில் நானே சொன்னேன். அவனும் "சரி மச்சான்" என்றான்.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சம்பளம், சாப்பாடு எல்லாம் அப்புறம் பேசுங்கள். முதலில் டைரக்டரிடம் கேளுங்கள்: விழுகிறவனைத் தூக்குவது யார், அவன் எங்கே நிற்பான். நிற்கிற இடம் நம் ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அது தெரிந்துவிட்டால் நம் ஆட்கள் எந்தக் கட்சிக்கும் மாறுவார்கள், எவனையும் தள்ளுவார்கள், அருமையாக நடிப்பார்கள். தெரியாவிட்டால் இன்சார்ஜே குதித்துவிடுவான்.