ஹெப்பகோடி தாண்டி ஒரு பஞ்சர்

பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் கிண்டலடிக்கிறவன் நான்தான். ஜீவனஹள்ளியில் எங்கள் டாக்சி ஸ்டாண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை, அடி வாங்கியது என் மச்சான், பார்த்தது என் கண்.

போன மழைக்காலம், சாயங்காலம். என் டாக்சியில் நானும் என் மனைவியின் தம்பி சேகரும் ஹெப்பகோடி தாண்டி உள்ரோட்டில் போகும்போது, ஒரு வளைவில் பின் சக்கரம் பஞ்சர். பின்னால் வருகிறவன் இடித்துவிடக் கூடாதே என்று சேகர் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் ரோட்டில் பெரிசும் சிறிசுமாகக் கல்லை வரிசையாக அடுக்கினான். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டி, நட்டை இறுக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"கல்லையெல்லாம் எடுடா."

"வுடுங்க மாமா, நனையிறோம். எவனாச்சும் எடுத்துப் போடுவான்."

சொல்லி வாய் மூடவில்லை. பின்னாலிருந்து ஒரு கை அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. பைக்கில் போகிறவன் மாதிரி ரெயின்கோட் போட்ட ஆள், கன்னத்தில் ஒரு பக்கம் தோலே இல்லை, ரோட்டில் உரசியதுபோலத் தேய்ந்துபோய் எலும்பு தெரிந்தது. கீழே கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து சேகரின் தோளில் ஓங்கிப் போட்டான், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது ஐயா! அப்படியே தரதரவென்று அந்தக் கற்கள் பக்கம் இழுத்துப்போய், நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தை நெரித்தான். நான் ஜாக்கி ராடால் அவன் முதுகில் மாற்றி மாற்றி அடித்தேன். என் கைதான் மரத்துப்போனது, அவன் திரும்பக்கூட இல்லை.

"கல்லு தெகியோ!" என்று கத்தினான். கல்லை எடுடா என்று கன்னடத்தில்.

சேகருக்கு முகம் நீலமாகிவிட்டது, கால் உதறுகிறது. நான் ராடைப் போட்டுவிட்டுப் பைத்தியம் மாதிரி கல்லைத் தூக்கித் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன், நகம் பெயர்ந்ததுகூடத் தெரியவில்லை. திரும்பினால் சேகர் மட்டும் மழையில் கிடக்கிறான். இரண்டு பக்கமும் வெறும் காலி மனை, ஓடி ஒளிய ஒரு புதர்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ் என்னைத்தான் முறைத்தது. என் மனைவியே என் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க, குடிச்சிட்டு நீங்கதான என் தம்பிய அடிச்சீங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கும் அழுகைக்கும் அளவே இல்லை. சேகர் வாய் திறந்து சொன்னால்தான் எனக்கு வீடு, இல்லாவிட்டால் ஜெயில் என்று வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாக அவனுக்குக் குரல் வந்தது. "அக்கா, மாமா இல்லன்னா நான் செத்திருப்பேன்" என்றான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அந்தப் பாப்பாக்கு என்னாச்சு மாமா?"

"எந்தப் பாப்பாடா?"

"நீங்க கல்லு தூக்கிப் போடறப்போ உங்க பக்கத்துலயே குந்திக்கினு சின்னச் சின்னக் கல்லாப் பொறுக்கிப் போட்டுக்கினு இருந்துச்சே. தலையெல்லாம் ரத்தம்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எடுத்ததெல்லாம் பெரிய கல். சின்னக் கல் எதையும் நான் தொடவேயில்லை. ஆனால் சேகரைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ரோடு சுத்தமாக இருந்தது.