தபசு வெள்ளியின் கட்லெட்

விடுதியில் முன்பு சமைத்த சவேரியம்மாள் இறந்த செய்தியைக் கோயில் உபதேசியார்தான் கொண்டுவந்தார். ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே, "நம்ம சவேரி போயிருச்சுங்க டீச்சர். எருமப்பட்டியில தம்பி ஊட்டுல. நேத்தே அடக்கமும் ஆயிப்போச்சாம்" என்றார். கரும்பலகையில் பாதிக் கணக்கு அப்படியே நின்றது.

மறுநாள் மாதா சபைத் தலைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோயில் இதழான பங்கு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். "கைப்பக்குவத்தப் பத்தி எழுதுங்க டீச்சர். பழசெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். இறந்தவரிடம் பழசைத் தவிர வேறென்ன இருக்கிறது?

எனவே, நம் விடுதியில் அவர் கையால் உண்டவர்களுக்கு இதை எழுதுகிறேன். சபையாரும் படிக்கலாம், அச்சிட மனம் வந்தால்.

அரிசி கிடைக்காமல் திண்டாடிய அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வேளையும் கம்பும் சோளமும்தான். விடுதிப் பெண்கள் தட்டைத் தள்ளிவிட்டு அழுவார்கள். பெரிய வீடுகளில் துரைமார் பாணியில் கட்லெட் செய்வார்கள் என்று யாரோ சொல்ல, சவேரியக்கா அதைத் தானியத்தில் செய்யத் துணிந்தார். சோளத்தைக் குருணையாக உடைத்து வேகவைப்பார். வறுத்த எள், நிலக்கடலை, பூசணி விதை மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்துச் சேர்ப்பார். சோம்பு, பட்டை, சின்ன வெங்காயம். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது கெட்டியான கம்பங்களி. முட்டை கிடையாது, நெய் கிடையாது. தட்டிக் கடலெண்ணெயில் போட்டெடுத்தால் விளிம்பு முறுகி, உள்ளே பற்களுக்கு வேலை இருக்கும். தட்டைத் தள்ளிய பெண்கள் இரண்டாவது கேட்டார்கள். "பசிக்குத் திங்கறவங்களுக்கு என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. பவுசுக்குத் திங்கறவங்களுக்குச் சொல்லியும் பிரயோசனமில்ல" என்பார் அக்கா.

மாதா சபைப் பவுசுக்காரர்கள், ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த விருந்தாளி அம்மாளுக்கு நம் விடுதியில் சிற்றுண்டி. கறி தொடக்கூடாத ஒருசந்தி நாளில் இரண்டாவது கட்லெட்டைக் கடித்துக்கொண்டே அந்த அம்மாள் கேட்டார்: "ஆட்டுக்கறியா? ரொம்பப் பதமா இருக்கே!"

கூடத்தில் எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஒருவர் முந்தானையில் துப்பினார். வாயிலிருப்பது என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சோம்பும் பட்டையும் மணந்தால் அது கறி. அவ்வளவுதான் அவர்கள் நாக்கின் படிப்பு.

திங்கட்கிழமை பங்குச் சாமியார் முன் விசாரணை. வியாழனன்று மிஞ்சிய கறியை அரைத்து, வெள்ளியன்று விசுவாசிகளுக்குப் போட்டுவிட்டதாகக் குற்றச்சாட்டு. கம்பும் சோளமும்தான், கறியே இல்லை என்று அக்கா அன்றே சொல்லியிருந்தார். தலைவி சாட்சியத்தோடு வந்திருந்தார். "எங்க வீட்ல கம்பு போட்டே செஞ்சு பாத்தோம் ஃபாதர். எண்ணெயில விட்டதும் கரைஞ்சு போச்சு. முட்டையும் இல்ல, கறியும் இல்லன்னா எப்படிப் பிடிக்கும்?"

"சூட்டோட தட்டிருப்பீங்க" என்றார் சவேரியக்கா. "களி நல்லா ஆறி இறுகோணுங்க. அப்பறந்தான் பெசையோணும். ஆறாமத் தட்டினா எண்ணெயில கரையாம என்னங்க பண்ணும்?"

"பாருங்க ஃபாதர், சாக்கு சொல்றா."

"வாயில வெச்சே தெரியாதவங்களுக்கு வாயால சொன்னா மட்டும் தெரியுமாக்கும்" என்று அக்கா சாமியாரைப் பார்த்துச் சொன்னார். வேலை போவதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

ஆனால் அதற்குமுன் சாமியார் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க விடுதியிலதானே தங்கியிருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும். வெள்ளியன்று காலை எள்ளை வறுத்தவள் நான். பூசணி விதையின் தோலை உரித்ததில் என் நகக்கண் வலித்துக்கொண்டிருந்தது. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அதற்குக் கையெழுத்திட வேண்டியவர் தலைவியின் கணவர். எவ்வளவோ புத்தகம் படித்திருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர உட்டுருங்க சாமி" என்றார் சவேரியக்கா. "அது படிச்ச புள்ள. பேசறதுக்கு நேரமாகும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அடுப்பில் பருப்பு வேக நேரமாகும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அன்று மாலையே தகரப்பெட்டியோடு நாமக்கல் பஸ் ஏறிவிட்டார். என் நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வந்தது.

இனி தலைவி வேண்டாமென்று சொன்ன பழசின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடத் தபசில் மாதா சபையின் சிற்றுண்டியில் கட்லெட் இருந்தது. கம்பு, சோளம், எள், பூசணி விதை. உடையவில்லை, உதிரவில்லை. "எங்க வீட்டுப் பக்குவம். களிய ஆறவிட்டுத் தட்டணும், அதுதான் சூட்சுமம்" என்று தலைவி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தபசிலும் செய்கிறார்கள். சவேரியம்மாள் பொய் சொல்லவில்லை என்பதற்கான சாட்சியத்தை வருடந்தோறும் பொரித்து, கைகூப்பி ஜெபித்துவிட்டு உண்கிறார்கள். ஒருவருக்கும் தொண்டையில் சிக்கியதில்லை. குற்றச்சாட்டைத் திரும்பப் பெற வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றியதுமில்லை. தட்டை நீட்டி வாங்கியவர்களில் நானும் உண்டு; அவர்களை இகழ எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

நேற்று அவருக்காகப் பூசை வைத்தார்கள். "அந்தக் கை யாருக்கு வரும்!" என்று தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எருமப்பட்டியில் அவர் தம்பி வீட்டார் இன்றும் ஊராரிடம், "அக்காவுக்குக் கண்ணு தெரியலைன்னு வேலைய உட்டு வந்துருச்சு" என்றுதான் சொல்லிவருகிறார்களாம். உபதேசியார் சொன்னார்.

அவருடைய கரண்டியோ, ஜெபமாலையோ என்னிடம் இல்லை. பேசறதுக்கு நேரமாகும் என்ற அந்தச் சொல்தான் இருக்கிறது.

நேரமாகிவிட்டது, அக்கா. அந்த வெள்ளிக்கிழமை காலை நான் அடுக்களையில் இருந்தேன். எள்ளை நான்தான் வறுத்தேன். அதில் கறி இல்லை.