படம் எடுக்கப் போய், எடுக்காமல் திரும்பிய உத்திரமேரூர்

உத்திரமேரூருக்கு இந்த முறை நான் கோயில் பார்க்கப் போகவில்லை. ஒரு சண்டையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, அதற்காகப் போனேன். 2006, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பஸ் நேரம், கட்டணம், கிலோமீட்டர் எல்லாம் சரியாக இருக்கும் என்றுதான் நீங்கள் ‘சன்னல் சீட்டு’ என்ற என் வலைப்பதிவுக்கு வருகிறீர்கள். இந்தப் பதிவிலும் இருக்கும், கடைசி ஒரு துண்டைத் தவிர. அது ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

‘வெள்ளெலி’ என்ற பெயரில் ஒருத்தி எழுதுவது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரமேரூர் பக்கம் ஊருக்கு வெளியே இருக்கும் இருளர் குடியிருப்பில் பிறந்தவள். பன்னிரண்டாவது வரை படித்தவள். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அங்கேயே நாலு கம்ப்யூட்டர் உண்டு. ஞாயிறு மதியம் கூட்டம் குறைந்ததும், இரண்டு மணிக்கு மேல் பதிவு போடுவாள். நடவுக்குப் போகும் பெண்கள் கூலி பேசுகிற சாமர்த்தியம், மின்சாரமே இல்லாத வீட்டுக்கு வந்த மின்கட்டண அட்டை, இப்படி. படித்தால் முதலில் சிரிப்பு வரும். பிறகு சிரித்ததற்குக் கூச்சமாக இருக்கும்.

போன வருடம் கால் முறிந்து நான் ஏழு வாரம் கட்டிலில் கிடந்தேன். பதினோரு வருடமாக எதிர் வீட்டில் இருப்பவர்கள் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தார்கள், அதுவும் தண்ணீர் மோட்டார் விஷயமாக. வெள்ளெலி மட்டும் ஞாயிறு தவறாமல் என் பக்கத்தில் பின்னூட்டம் போட்டாள்: “அக்கா, இன்னிக்கு எத்தன அடி நடந்தீங்க?” அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே சுவரைப் பிடித்துக்கொண்டு அடியெண்ணி நடந்தேன். ஆகவே “முகம் தெரியாதவங்க கூட என்ன பழக்கம்?” என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த யாராவதில் என் வீட்டுக்காரரும் அடக்கம்.

சண்டை இதுதான். பெயர் போடாத ஓர் அனானி வந்து, “இருளர் பெண் இப்படியெல்லாம் எழுத முடியாது. இது சென்னையில் ஏசி அறையில் இருக்கும் யாரோ ஒரு ஆண், ஏழை வேஷம் போடுகிறான்” என்று எழுதிவிட்டுப் போனார். நாலு நாளில் பதிவுலகம் இரண்டாகப் பிரிந்தது. நேற்று வரை தங்கச்சி என்று கொஞ்சியவர்கள்கூட “ஒரு ஆதாரம் காட்டினால் என்ன குறைந்துவிடும்?” என்று நியாயம் பேசினார்கள். அவள் ‘கடை சாத்தியாச்சு’ என்று இரண்டே சொல்லில் ஒரு பதிவு போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நானே நேரில் போகிறேன். படத்தோடு வருகிறேன். அப்புறம் எல்லோரும் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்” என்று சவால் விட்டேன். ஐம்பது பேருக்கு மேல் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அவளுக்கு மின்னஞ்சலில் “பார்க்க வரலாமா?” என்று மட்டும் கேட்டேன். படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. “வாங்கக்கா. ஞாயிறு 11 மணி, பஸ் ஸ்டாண்டு” என்று பதில் வந்தது. சண்டைக்குப் பிறகு அவள் மெயில் மட்டும்தான் பார்த்தாளாம், பதிவுகள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லையாம். அதனால் என் சவால் அவளுக்குத் தெரியாது.

தாம்பரத்தில் காலை 7.35 மின்சார ரயில், 8.30க்குச் செங்கல்பட்டு. டிக்கெட் எட்டு ரூபாய். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான், ஆட்டோக்காரர் கூப்பிட்டால் ஏறாதீர்கள். உத்திரமேரூர் பஸ் 8.55க்கு. 28 கிலோமீட்டர், பத்து ரூபாய், ஒரு மணி ஐந்து நிமிடம். காலையில் போகிறவர்கள் வலது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது.

காஞ்சிபுரத்திலிருந்து ‘பம்பரம்’ என்ற இன்னொரு பதிவர் துணைக்கு வருவதாக ஏற்பாடு. பட்டு நெசவுக் குடும்பம், இப்போது ஜவுளிக்கடையில் விற்பனையாளர். கவிதை எழுதுவார். நன்றாக இருக்காது, அது அவருக்கும் தெரியும். அவரையும் நான் அதுவரை பார்த்ததில்லை. அடையாளத்துக்கு மஞ்சள் பை வைத்திருப்பேன் என்றார். முகூர்த்த நாள். பேருந்து நிலையத்தில் பாதிப் பேர் கையில் மஞ்சள் பை! மூன்று பேரிடம் “நீங்க பம்பரமா?” என்று கேட்டேன். மூன்றாமவர் பயந்துபோய் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். நாலாவது ஆள்தான் பம்பரம். பைக்குள் மச்சானிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமரா. நான் அன்றைய நாளிதழ் ஒன்று வாங்கினேன். தேதி தெரிகிற மாதிரி அதை அவள் கையில் பிடிக்க வைத்து எடுப்பது எங்கள் திட்டம்.

ஒரு மணி நேரம் இருந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டியே குடவோலைக் கல்வெட்டுக் கோயில். சபைக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். பெயர் ஓலையில் ஏறவே வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும் என்பதும் அதே சுவரில்தான் இருக்கிறது. “அப்ப நான் அவுட்டு. எங்களுக்குத் தறிதான் சொந்தம், வூடு வாடகை” என்றார் பம்பரம். இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் பையில் என்ன இருக்கிறது என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பதினோரு மணிக்குப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பினோம். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“சன்னலக்கா! இன்னிக்கு எத்தன அடி நடந்தீங்க?”

அந்த நொடியே எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. திரும்பிப் பார்க்கும் முன்பே கண் கலங்கிவிட்டது. அப்போதே நாளிதழைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநருக்கு ஒரே ஆச்சரியம். “இன்னாத்துக்குமா அங்க? கோயிலுன்னா பெருநகர்ல கீது, மாகறல்ல கீது. அங்க பாக்க ஒண்ணியும் கெடையாதே!”

“ஆளப் பாக்க வந்துகீறாங்கண்ணா, என்னிய” என்றாள் வெள்ளெலி. அவர் கண்ணாடியில் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தார்ச்சாலை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டார்.

அவள் வீட்டில் சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். என் தட்டு காலியாகவே விடவில்லை. கையைக் கழுவிவிட்டு நான் நாளிதழை எடுத்தேன், பம்பரம் கேமராவை எடுத்தார்.

“இன்னாக்கா இது?”

சவாலைப் பற்றிச் சொன்னேன். ஒரே ஒரு படம், எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்றேன். அவள் நாளிதழை வாங்கி மடித்துத் தரையில் வைத்தாள்.

“எஸ்டி சர்ட்டிபிகேட்டுக்கு ஆறு வருசம் அலஞ்சேன்க்கா. விசாரணைக்கு ஒருத்தரு வூட்டுக்கு வந்தாரு. பாம்பு புடிப்பியா, எலி புடிப்பியான்னு கேட்டாரு. கம்ப்யூட்டர் கடைல வேல செஞ்சிகினு கீறேன் சார்னேன். அப்ப நீ எப்பிடிம்மா இருளச்சின்னு கேட்டு, இல்லன்னு எழுதிக்கினு போய்ட்டாரு. இன்னிக்கி வரிக்கும் சர்ட்டிபிகேட்டு வர்ல.” மடித்த நாளிதழை என் பக்கம் தள்ளினாள். “அவருக்கு, கம்ப்யூட்டரத் தொட்டதால நான் இருளச்சி இல்ல. உங்காளுங்களுக்கு, இருளச்சின்றதால நான் கம்ப்யூட்டரத் தொட்டிருக்க முடியாது. நான் யாருன்னு எத்தினி பேருக்குக்கா காட்டிக்கினே இருக்கறது?”

அவமானமாக இருந்தது. அவளுக்காகச் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நானும் விசாரணைக்குத்தான் வந்திருந்தேன். அந்த அதிகாரியாவது தன் வேலை என்று வந்தார். நான் அவள் சோற்றைத் தின்றுவிட்டுக் கேட்டேன்.

“தப்பு எங்க மேலதாம்மா” என்று பம்பரம் கேமராவை மஞ்சள் பைக்குள் போட்டார். நான் “மன்னிச்சிடு” என்றேன்.

“சரி வுடுங்க. அங்க போயி இன்னா எழுதப் போறீங்க?”

“போனேன், பார்த்தேன், காட்ட மாட்டேன்னு எழுதறேன்.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்ப உங்களயும் பொய்னு சொல்வாங்கக்கா.”

“சொல்லட்டும்.”

“பேஜாராப் பூடும்.”

“போகட்டும். நீ கடையத் திற.”

அவள் தார்ச்சாலை வரை கூடவே நடந்து வந்தாள். 412 அடி. எண்ணிச் சொன்னேன். மாலை 4.20க்குச் செங்கல்பட்டு பஸ் பிடித்து, ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன். “ஆள் நிஜமா?” என்றார் வீட்டுக்காரர். “நீங்க நிஜமா?” என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

உத்திரமேரூர் போகிறவர்களுக்கு: கல்வெட்டுக் கோயிலைச் சாவகாசமாகப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். தண்ணீர் கொண்டு போங்கள். பஸ் ஸ்டாண்டில் டீ சுமார்தான். அங்கிருந்து வெள்ளெலி வீட்டுக்கு எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர், ஆட்டோ எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒருவர் எழுத்தைப் படித்துவிட்டு அவரைப் பார்க்க ஆசைப்பட்டால், அனுமதி கேட்டுப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், ஆனால் கேமராவோடும் போகாதீர்கள். மூன்று வருடமாக என் பஸ் நேரத்தை நம்பி அதிகாலையில் எழுந்து போகிறீர்களே, என்னிடம் யாராவது ஆதாரம் கேட்டீர்களா? நான் யார் வீட்டுப் பெண், என்ன சாதி, எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று? அவளிடம் மட்டும் ஏன் கேட்டோம் என்பதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்த மறுநாளே “போனேன், பார்த்தேன், படம் கிடையாது” என்று ஒரு வரி போட்டிருந்தேன். திட்டு மழை. காத்திருந்த ஐம்பது பேரில் பாதிக்கு மேல் காணாமல் போனார்கள். அடுத்த ஞாயிறு 2.10க்கு வெள்ளெலியின் பக்கத்தில் புதுப் பதிவு வந்தது. தலைப்பு ‘கடை திறந்தாச்சு’. முதல் பின்னூட்டம் அதே அனானி: “இப்போது புரிகிறது. வெள்ளெலியும் சன்னல் சீட்டும் ஒரே ஆள்தான்!”

அதை அழிக்க வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். கீழே நான் எழுதினேன்: “ஆமாம்.”

அதற்குக் கீழே பம்பரம்: “என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.”