பொத்திப் பார்க்காத காது

பாரிசின் லா சப்பல் பகுதியில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைக்காரர்களுக்கும் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் நான் பீ.எச்.ஐ. ஐயா. யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். கிணறுகளுக்குக் குளோரின் போடுவித்தேன், தேநீர்க்கடைகளின் சமையலறைகளை எட்டிப் பார்த்தேன், வைத்திய அதிகாரியோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் உயரம், நிறை, கண், காது பார்த்தேன். பாரிசில் எனக்குக் கிடைத்தது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். பழைய உத்தியோகத்தின் பெயர் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. அது ஒட்டியிருக்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

பிரெஞ்சை ஒழுங்காகப் படித்திருந்ததால் சனங்கள் கடிதங்களைக் கொண்டுவருவார்கள். வாசித்துச் சொல்வேன், பதில் எழுதிக் கொடுப்பேன், டொக்டரிடமும் பள்ளிக்கூடத்துக்கும் கூடப் போவேன். நான் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

போர் முடிந்த அடுத்த வருடக் குளிர்காலத்தில் ஒரு குடும்பம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. தகப்பன் ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். மனைவியும் ஆறு வயது மகளும் வவுனியாவிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை நடந்திருந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று பள்ளித் தாதி பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்.

தாதி ஓர் உறையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தோடு காது வைத்தியரிடம் காட்ட வேண்டும்."

பிரெஞ்சில் சத்தம் காதில் விழுவதற்கு ஒரு சொல், சொல்வதைக் கவனித்துக் கேட்பதற்கு வேறொரு சொல். தாதி சொன்னது முதலாவதை. எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான் இப்படிச் சொன்னேன்: "பிள்ளை வடிவாக் கேக்கிறாளில்லையாம்."

வைத்தியரைப் பற்றிய அடுத்த வரிக்கு நான் வருமுன் தகப்பன் சிரித்துவிட்டார்.

"இதைச் சொல்லவோ ஐயா வேலையை விட்டுட்டு வரச் சொன்னவை? வீட்டையும் உதுதான். பத்துத் தரம் கத்தினா ஒருக்காத் திரும்புவா. தாயின்ர குணம்."

"என்ர குணமோ? உங்கட அக்காவின்ர குணம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

"ஆற்ற குணமாயும் இருக்கட்டும். நான் கேக்கப் பண்ணுறன், யோசிக்க வேண்டாம் எண்டு மதாமுக்குச் சொல்லுங்கோ ஐயா."

அவர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்பது அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. காது என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். தாதி என் முகத்தைப் பார்த்து, "அவர்களுக்கு விளங்கியதா?" என்று கேட்டார். "விளங்கியது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். தவறு விட்டதைத் தாதிக்கு முன்னால் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. நான் அந்தப் பரிசோதனையை நம்பவில்லை. பிரெஞ்சு தெரியாத பிள்ளையின் தலையில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று பிரெஞ்சில் சொல்லியிருப்பார்கள், அவள் விளங்காமல் சும்மா இருந்திருப்பாள் என்று நினைத்தேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் காதைப் பார்த்தவன் நான், இவர்கள் என்ன சொல்வது என்ற எண்ணம்.

வெளிவாசலில் தகப்பன் வேலைக்கு ஓடிவிட்டார். தாய் மகளோடு நின்றாள். கையில் அந்த உறை.

"ஐயா, அவ காதைத் தொட்டுக் காட்டினவ. பிள்ளைக்குக் காது கேக்கேல்லை எண்டே சொன்னவ?"

அவளுக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் தாதியின் கையைப் பார்த்திருக்கிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டாவது தடவையாக வாய்ப்புக் கிடைத்தது.

"பொறு பிள்ளை, நானே பாக்கிறன்," என்றேன்.

ஊரில் நாங்கள் செய்த பரிசோதனை இதுதான்: பிள்ளைக்குப் பின்னால் சில அடி தள்ளி நின்று, மெதுவாக எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்வது. முக்கியமான விதி, ஒரு காதைப் பொத்திவிட்டு மற்றக் காதைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காது கெட்ட காதை மறைத்துவிடும். நான் பொத்தவில்லை. குளிர், கையுறையைக் கழற்றப் பஞ்சியாக இருந்தது. தெரு இரைச்சலில் மெதுவாகவும் பேசவில்லை. "மூண்டு, ஏழு, பத்து" என்றேன். "மூண்டு, ஏழு, பத்து" என்றாள் சிறுமி.

"பாத்தியே? காது நல்லாக் கேக்குது. பாசைதான் பிரச்சினை. போகப் போகச் சரியா வரும்."

"அப்ப இந்தக் கடிதம்?"

"மற்றப் பேப்பருகளோட வையுங்கோ."

அவளுடைய முகம் தெளிந்தது. பீ.எச்.ஐ. ஐயாவே பார்த்துச் சொல்லிவிட்டார்.

வசந்த காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பிள்ளையை வைத்தியரிடம் காட்டினீர்களா, என்ன சொன்னார் என்று கேட்டிருந்தார்கள். தாய் அதை என்னிடம் கொண்டுவந்தாள். நான் பெற்றோரின் சார்பில் நல்ல பிரெஞ்சில் நான்கு வரி எழுதினேன்: பிள்ளை பரிசோதிக்கப்பட்டது, காதில் குறை எதுவும் இல்லை. தகப்பன் கீழே கையெழுத்து வைத்தார். முதல் நாள் நடந்ததை வாய் தவறியது என்று யாராவது சொல்லக்கூடும். இது நான் மேசையில் உட்கார்ந்து, யோசித்து எழுதிய பொய்.

அதன்பிறகு அவர்களை இடைக்கிடை கடைத்தெருவில் காண்பேன். ஒருநாள் தகப்பன் பகிடியாகச் சொன்னார்: "இப்ப ரெண்டு வைச்சாத்தான் ஐயா திரும்புறா." அடிக்க வேண்டாம் தம்பி, சின்னப் பிள்ளை என்றேன்.

இரண்டு வருடம் போனது. சிறுமி பிரெஞ்சு பேசினாள், ஆனால் வகுப்பில் பின்தங்கியிருந்தாள். பிறகு வலது காதிலிருந்து நாற்றத்தோடு சீழ் வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், சத்திர சிகிச்சை என்றார்கள். வைத்தியரைச் சந்திக்கும் அந்த ரொந்தவூவுக்கும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டாள் தாய்.

காது வைத்தியர் இளவயதுக்காரர், பொறுமையானவர். செவிப்பறைக்குப் பின்னால் நெடுங்காலம் நீர் தேங்கி நின்றிருக்கிறது, இரண்டு காதிலும், வலதில் மோசமாக. ஆரம்பத்தில் வந்திருந்தால் செவிப்பறையில் ஒரு சின்னக் குழாய் வைத்தே சரிப்படுத்தியிருக்கலாம். இடதுக்கு இப்போதும் அது போதும். வலதில் உள்ளே இருக்கும் சிறிய எலும்புகள் அரிபட்டுவிட்டன, அந்தக் காதில் முழுதாகக் கேட்கச் செய்ய முடியாது. நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். காது என்ற சொல்லை எந்த வரியிலும் விடவில்லை.

வைத்தியர் பிறகு கேட்டார்: "இவ்வளவு காலமும் பள்ளிக்கூடத்தில் யாருமே கவனிக்கவில்லையா?"

"பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் கவனிக்கேல்லையோ எண்டு கேக்கிறார்," என்று சொன்னேன்.

தாய் என்னைப் பார்த்தாள். கோபம் தெரியவில்லை. நான் அன்று பிழையாகச் சொன்னது எவ்வளவு காலமாக அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. வைத்தியர் முதல் வரியைச் சொன்ன போதாவது விளங்கியிருக்க வேண்டும்.

"கவனிச்சவை எண்டு சொல்லுங்கோ ஐயா. எங்களுக்குத்தான் விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வைத்தியர் அவள் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார்: இனிமேல் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது வந்தால் பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். அதையும் தமிழில் சொன்னேன். "ஓம்" என்று தலையாட்டினாள்.

சத்திர சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தில் தகப்பனைத் தேடிப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை வெறுமையாக இருந்தது. அவர் சமையலறையில் இரவுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்கோ ஐயா, தேத்தண்ணி போடட்டோ?" என்றார். மனைவி அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தாதி சொன்னது, நான் சொன்னது, வாசலில் செய்த பரிசோதனை, அவர் கையெழுத்து வைத்த கடிதத்தில் இருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் கூப்பிட்டது அவளுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டிராது தம்பி."

"ஒருநாளுமோ?"

"கிட்ட நிண்டு பலமாச் சொன்னாக் கேட்டிருக்கும். வலப்பக்கத்தில நிண்டா அதுவும் இல்லை."

குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினார்.

"ரெண்டு வருசம் அடிச்சனான் ஐயா." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்கள் அடிக்காதை எண்டு சொன்னனீங்கள். ஏன் எண்டு சொல்லேல்லையே."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "நீங்கள் போங்கோ," என்றார். மரியாதையோடுதான் சொன்னார்.

அந்தக் கிழமையே பள்ளித் தாதிக்கும் காது வைத்தியருக்கும் பிரெஞ்சில் எழுதினேன், இந்த முறை என் சொந்தக் கையெழுத்தோடு. பெற்றோர் அசட்டையாக இருக்கவில்லை, மொழிபெயர்த்தவனே பிழையாகச் சொன்னான், பொய்யாக எழுதினான் என்று. தாதி மட்டும் பதில் எழுதினார்: கடிதத்தைப் பிள்ளையின் கோப்பில் சேர்த்திருக்கிறேன், அன்று நான் கேட்டபோதே நீங்கள் சொல்லியிருக்கலாம். யாருக்கும் மொழிபெயர்க்கப் போவதை அதோடு நிறுத்திக்கொண்டேன். காரணம் கேட்டவர்களுக்கு வயது போய்விட்டது என்றேன். இப்போது எழுதுவது அதையும் திருத்தத்தான்.

அடுத்த ரொந்தவூவுக்குத் தகப்பன் லீவு எடுத்து மகளைத் தானே கூட்டிப் போனார். மெத்ரோப் பாலத்தின் கீழே அவர்களைக் கண்டேன். பாதையைக் கடந்து நடைபாதையில் ஏறியதும் மகள் அவருக்கு இடப்பக்கம் வந்துவிட்டாள், வலது காது அவர் பக்கம். அவர் நின்று, அவளைச் சுற்றி வந்து, அவளுடைய இடது காதுப் பக்கம் நடந்தார். ஏதோ கேட்டார். அவள் பிரெஞ்சில் வேகமாகப் பதில் சொன்னாள்.

"விளங்கேல்லையம்மா," என்று குனிந்தார். "ஆறுதலாத் திருப்பிச் சொல்லு."