கருப்பாயி காட்டில் இறங்காத விமானம்

என் அப்பா சூசை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார். ஆளை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று அம்மா சொல்வாள். டிரைவர் சொல்லும் நேரத்தை நம்பமாட்டார். கண்டக்டர் சொல்லும் காரணத்தை நம்பமாட்டார். எரியோட்டில் சந்தைக் கூட்டம், அதனால் லேட்டு என்று யாராவது சொன்னால், அடுத்த வண்டியில் வந்து இறங்கும் பயணியிடம் சந்தை கூடியதா என்று விசாரிப்பார்.

போன மாதம் இறந்தார். மாரடைப்பு. டாக்டர் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவருடைய மகள் நான்.

பெங்களூரில், விமானக் கருவிகள் செய்யும் இடத்தில் எனக்குப் பொறியாளர் வேலை. அப்பா ஓய்வு பெற்ற வருடம், டிவியோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஓட்டுவதற்கு ஒரு விமான விளையாட்டை நானே எழுதி, கேசட்டில் பதிந்து கொடுத்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. திசை காட்டும் ஒரு முள், உயரம், தூரம். தரை என்பது ஒரு வெள்ளைக் கோடு. எப்போதாவது, சொல்லாமல், எஞ்சின் நின்றுவிடும்.

ஊர்கள் இருக்கும் இடம், விமானத்துக்கு வழிகாட்டும் ரேடியோ நிலையங்களின் அலைவரிசை எல்லாவற்றையும் விமானிகளுக்கான வரைபடத்தைப் பார்த்து எண்களாகத் தட்ட வேண்டும். புது வரைபடம் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வராது. கழித்துப்போட்ட பழையது ஒன்று கிடைத்தது. மூலையில் ரத்து என்று சிவப்பு முத்திரை. அதில் பாதி அலைவரிசைகள் மாறிவிட்டன என்று அப்பாவிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

விமானம் போகும் வழியை அவர் பஸ் ரூட் மாதிரிதான் போட்டார். மதுரையில் எடுத்து, திருச்சி டச் பண்ணி, கோயம்புத்தூர். அவருடைய முதல் கேள்வி, "நடுவழியில பிரேக்டவுன் ஆனா எங்கம்மா ஓரங்கட்டுறது?"

அதற்கும் அவரே இடம் தேடினார். சாணார்பட்டியைத் தாண்டி, நத்தம் போகும் பக்கம், வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. யுத்த காலத்து இறங்குதளம். அதன் எண்களைத் தட்டினார். தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாதி தப்புன்னு நீயே சொல்ற. இந்த வட்டம் மட்டும் நெசம்னு எப்படி நம்புறது?"

மறுநாள் காலையில் வரைபடத்தைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

மதியம் நத்தம் வண்டிக் கண்டக்டர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னார். "அக்கா, டைம் கீப்பரை அங்கன ஒரு டீக்கடையில புடிச்சு உக்கார வச்சிருக்காங்க. அடிக்கல. வண்டிச் சாவிய மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க."

நான் போனபோது அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள். வெள்ளைச் சட்டை போட்ட பொம்மையன் என்பவர்தான் எல்லோருக்குமாகப் பேசினார். சற்றுத் தள்ளி ஐம்பது வயதுள்ள ஒரு பெண் நின்றார். பெயர் கருப்பாயி. அப்பாவின் பையை விட்டு அவர் கண் நகரவில்லை.

"ஏரோப்ளேன் எறங்குன எடம் எதுன்னு வீடு வீடாக் கேட்டாராம். மறுபடி எறக்கப் போறீங்களா?" என்றார் பொம்மையன்.

"அது விளையாட்டுங்க. டிவியில ஓட்டுற ப்ளேன்" என்றேன்.

"கேட்டுக்கங்கப்பா! தலை நரைச்ச மனுசன் டிவியில ப்ளேன் ஓட்டுறாராம். நாளைக்கு நெலம் அளக்குற சங்கிலியோட வந்து, கில்லி வெளாட வந்தோம்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கருப்பாயி சிரிக்கவில்லை.

வரைபடத்தைப் பிரித்து முத்திரையைக் காட்டினேன். "பாருங்க, இது பழசு. செல்லாது."

சிரிப்பு நின்றது.

"பழசா? எம்புட்டுப் பழசு?"

"சண்டைக் காலத்துல எடுத்த விவரம்."

"அப்ப அதுதானம்மா செல்லும்!" பொம்மையனின் கை நீண்டது. "ரிஜிஸ்தர் ஆபீசுல மூலப்பத்திரத்தைக் கொண்டாங்கறானா, போன வருசத்துக் காகிதத்தைக் கொண்டாங்கறானா?"

என் வேலையில் தேதி போன தகவல் குப்பை. நிலத்தில் அது நேர்மாறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் பேசப்பேச எங்கள் மீது சந்தேகம் கூடியது.

கருப்பாயி அப்போதுதான் வாய் திறந்தார். "அது எங்க மாமனார் காடு. வெள்ளைக்காரன் வந்து வரப்ப இடிச்சு நெரவிப்புட்டான். அவன் போனதும் நாங்களே வரப்புப் போட்டுக் கடலை வெதச்சோம். பட்டா கெடையாது. கேட்டா வரும் வரும்ங்கறான். இப்ப உங்க தாளுல அது ப்ளேன் எறங்குற எடம்னு இருக்கு. அப்ப நான் யாரு?"

பொம்மையன் தொண்டையைச் செருமினார். "தாளை ஊர்ப் பொதுவுல வச்சிருவோம். எங்கிட்டக் குடுங்க, பத்திரமா இருக்கும்."

லேட்டாக வந்த டிரைவரைப் பார்ப்பது போல அப்பா அவரைப் பார்த்தார். "உங்க காடு எங்கண்ணே இருக்கு?"

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா கேட்டேன்."

"கருப்பாயி ஆத்தா காட்டுக்கு அடுத்த காடுதான்" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

அப்பா வரைபடத்தை மடித்துக் கருப்பாயி கையில் கொடுத்தார். "இந்தா தாயி. யாருகிட்ட வேணாலும் குடு, இவருகிட்ட மட்டும் குடுத்துராத" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். பொம்மையன் எழுந்து நின்றுவிட்டார். கருப்பாயி அவரைத் தாண்டிப் போய், டீக்கடை அடுப்பில் அதைச் செருகினார். சாம்பலாகும்வரை குச்சியால் கிளறினார்.

"வேற நகலு?"

"தாளுல இல்ல. வீட்டு மெஷின்ல நம்பரு இருக்கு. அழிச்சுர்றேன்."

"அழிச்சீகளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. "வந்து பாரு" என்றார்.

அப்பா சொன்ன மாதிரியே கருப்பாயி வந்தார். என் விடுமுறை முடியவில்லை, நானும் இருந்தேன். அப்பா அவர் கண்முன் அந்த வரியை அழித்தார். பிறகு மதுரையிலிருந்து எடுத்தார். பாதி வழியில் எஞ்சின் நின்றது. உயரம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா ஒரு விசையையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னாச்சு?"

"விழப் போகுது தாயி."

"எங்க? எங் காட்டுலயா?"

"உங் காடு இதுல இல்லையே. சும்மா தரையில."

விழுந்தது. கருப்பாயி திரையைக் காட்டினார். "திரும்ப எழுதிக்க முடியுமா?"

முடியாது என்று அப்பா சொல்லியிருக்கலாம். "முடியும்" என்றார்.

"அப்ப நான் வந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

அன்றிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் வீட்டுக்கு வந்தார். அப்பா ஓட்டிக் காட்டுவார். கருப்பாயி பார்ப்பார், போய்விடுவார். "யாருடி இவ? வந்து வந்து எம் புருசன் பக்கத்துல உக்காந்து டிவி பாக்குறா" என்று அம்மா எனக்குக் கடிதம் எழுதினாள்.

அப்பாவுக்காகச் சர்ச்சில் பூசை வைத்த மறுநாளும் வந்தார். நான் கம்ப்யூட்டரைப் பெங்களூருக்கு எடுத்துப்போகப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். துக்கம் கேட்டார். பிறகு பெட்டியைத் தொட்டார்.

"இது எங்க போகுது?"

சொன்னேன்.

"ஒருக்காப் போட்டுக் காட்டு, பாப்பா."

எனக்கு மனமே இல்லை. கேட்பதற்கு இதுதானா நேரம் என்றிருந்தது. ஆனாலும் கட்டைப் பிரித்தேன். கேசட் கிரீச்சிட்டு ஏறியது. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர். நடுவில் எதுவும் இல்லை.

"அவரு எழுத மாட்டாரு. உன்னைய எனக்குத் தெரியாது."

"நானும் எழுத மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாக."

"பட்டா வந்துச்சா?"

"வரும் வரும்ங்கறான். பொம்மையன் தாலுகாபீசுலயே குடியிருக்கான்." டிவியைக் காட்டினார். "பெங்களூருக்கு நான் எந்த பஸ்ஸுல ஏறி வந்து இதைப் பாக்குறது?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வச்சுட்டுப் போடி. எந்த பட்டன அமுக்கணும்னு சொல்லிக் குடு. அவங்க வந்தா நான் போட்டுக் காட்டுறேன்."

பெட்டியைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வயர்களை வழக்கமான இடத்தில் மறுபடி வரிசையாகப் பொருத்தினேன். கருப்பாயி டிவிக்குப் பின்னால் குனிந்து, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கையில் எடுத்தார்.