வலது காதுக்கான தொப்பி

படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே வீடு சுற்றியது. வலது காதுக்குள் ஏதோ துகள் இடம் மாறிவிட்டதாம். வீட்டிலேயே பயிற்சி செய்ய டாக்டர் ஒரு தொப்பி வாங்கச் சொன்னார். அதன் விளிம்பில், கண்ணெதிரே, வளைந்த குழாய் ஒன்று. உள்ளே திரவத்தில் சின்ன மணி. கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுச் சரியாகத் திருப்பினால் மணி மெல்ல நகரும்.

முதல் நாள் மகள் கூடவே இருந்து செய்ய வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி மனதில் ஏற்றிக்கொண்டது ஒன்றுதான்: முதலில் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

மகளை சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்ததும், "வடக்க தலை வச்சு யாரும் படுப்பாவளா?" என்று மனைவி தலையணையைத் தெற்கே தூக்கிப் போட்டாள். படுத்தேன்.

"செவுத்துப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். மணி அசையவில்லை. மூன்று நாள் தொப்பியைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன். நாலாம் நாள்தான், சுவர் இப்போது என் இடப்பக்கம் இருப்பது உறைத்தது.

"ஏட்டி, தலையை மாத்தினா செவுரும் மாறும்லா?"

அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். தொங்கிய தலையை உள்ளங்கையில் தாங்கி வலப்பக்கம் திருப்பினாள். மணி நகர்ந்தது.

ஒரு வாரத்தில் தலைசுற்றல் நின்றுபோனது. அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் தொப்பியை மாட்டிக்கொண்டு படுத்தேன். அவள் கை வழக்கம்போலத் தலைக்கு அடியில் வந்தது.

"சோத்தாங்கைப் பக்கம் புரண்டு குறட்டை விட்டு ரெண்டு நாளாச்சு," என்றாள். "அசையாம கிடங்க."