சங்கரம்மாள் குடியிருந்த பஸ்

சங்கரம்மாளைப் பற்றிப் பேசினால் அவள் புருஷன் செல்லச்சாமி என்ற பாவிப்பயலைப் பற்றியும் பேசியாக வேண்டியிருக்கிறது. அதுதான் எரிச்சல். வல்லிநாயகம் பிள்ளையின் பஸ்ஸைத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து பஸ் நின்றது. அவனுக்குக் கள்ளுக்கடையே கதியாயிற்று. குடித்துவிட்டு வந்து அடிப்பான். அடி என்றால் கன்னத்தில் ஒன்று வைப்பதல்ல. விறகுக்கட்டையால் அவள் இடது கையை ஒடித்தான். எலும்பு கூடியதும் அவள் வீட்டைவிட்டு வந்துவிட்டாள்.

குற்றாலம் ரோட்டில் இருந்த தன் தென்னந்தோப்புக்குப் பிள்ளை அவளைக் காவல் வைத்தார். எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த பஸ்ஸின் கூட்டை அங்கேதான் போட்டிருந்தார். அதிலேயே இருந்துகொள் என்றார். எதிரே என் எண்ணெய்க்கடை.

நமசிவாயம் ஆசாரியும் அவளும் சேர்ந்து அதை வீடாக்கினார்கள். ஸீட்டுகளைப் பெயர்த்து, பலகைகளைச் சேர்த்துக் கட்டில் செய்தார்கள். படுதா தொங்கிய ஜன்னல்களை அடைத்தார்கள். மரத்தரை தீப்பிடித்துவிடாமல் தகரம் போட்டு, மண்ணைக் குழைத்துப் பூசி, அதன்மேல் அடுப்பு வைத்தாள். ஆட்கள் பிடித்து நின்ற கம்பியில் உறி தொங்கியது. பின்வாசலுக்கு ஆசாரி பலாமரத்தில் நிலை வைத்து, மஞ்சளும் குங்குமமும் பூசி, கனத்த கதவும் இரும்புத் தாழ்ப்பாளும் போட்டார். யானை முட்டினாலும் திறக்காது என்று பீற்றிக்கொண்டார். அவள் கேட்டது ஒன்றுதான். அவன் உள்ளே வரக்கூடாது.

டிரைவர் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே முருகன் படமும் சந்தனப்பொட்டும் முன்பே இருந்தன. அதை அப்படியே சாமி இடமாக்கி விளக்கேற்றினாள். டிரைவர் ஏறி இறங்க அங்கே ஒரு சின்னக் கதவு உண்டு. சாமி இருக்கும் இடத்தில் கால் வைத்து ஆணி அடிக்க ஆசாரிக்கு மனசு வரவில்லை. எனக்கும் அது ஒரு வாசலாகத் தோன்றவில்லை. நாங்களெல்லாம் பின்னால் ஏறிப் பழகியவர்கள்தானே.

ஆடி மாதம், நல்ல சாரல். மத்தியான நேரத்தில் அவன் அரிவாளோடு வந்தான். பின்கதவை உதைத்தான், வெட்டினான். அவள் உள்ளே கதவில் முதுகைக் கொடுத்து நின்றாளாம். சத்தம் நின்றது. போய்த் தொலைந்தான் என்று நினைத்தாள். அவனோ சுற்றி வந்து, வருஷக்கணக்காக ஏறிய வழியிலேயே ஏறி, விளக்கை மிதித்துக்கொண்டு உள்ளே குதித்தான். முதல் வெட்டு அவள் தோளில் விழுந்தது. அடுத்ததற்குக் கையை ஓங்கினான். அரிவாள் கூரைச் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. உட்கார்ந்தே ஓட்டியவனுக்குக் கூரை எவ்வளவு தாழ்வு என்று எங்கே தெரியும்! அவன் அதை இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் அம்மிக்குழவியைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டாள். விழுந்தவனின் வலது கையிலும் போட்டாள். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை.

நாங்கள் ஓடிப்போனபோது அவளே தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். தகரத்தில் ரத்தம் தேங்கிக் கிடந்தது. பின்னாலேயே கூடிய சனம், கட்டின புருஷனைக் கட்டிலில் கிடத்தி மஞ்சள் வைத்துக் கட்டு என்று அவளுக்குப் புத்தி சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தோளில் ரத்தம் ஒழுகுவது ஒரு மனுஷன் கண்ணிலும் படவில்லை.

“இவன எறக்குங்க. இல்லன்னா இங்கனயே கொன்னுருவேன்” என்றாள். குழவி இன்னும் கையில் இருந்தது. இறக்கினோம்.

மறுநாள் ஆசாரி சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்தச் சின்னக் கதவை ஆணி அடித்து மூடினார். கையும் காலும் போன செல்லச்சாமி அண்ணன் வீட்டில் முடங்கிக் கிடந்து, சுதந்திரம் வந்த வருஷம் செத்தான். பிணத்தை வண்டியில் கொண்டுவந்து தோப்பில் நிறுத்தினார்கள். பெண்டாட்டி வீட்டில்தான் கிடத்த வேண்டும் என்றான் அண்ணன்காரன். ஊர் வழக்கமும் அப்படித்தான். நான்கூட, செத்தவன்தானே, ஒரு நாழிகை கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அவனுக்கு அழுதேன் அண்ணாச்சி, தாலியும் அறுத்துக்கிடுதேன். என் வீட்டுல அவன் ஏறக் கூடாது.”

அன்றைக்கும் மழை. தென்னைக்கு அடியில் ஓலைக் கிடுகை விரித்து, நனைய நனையக் கிடத்தினோம். அவள் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இறங்கி வரவில்லை.